நீலகிரியில் தினமும் ஓட்ட ஒரு அட்வெஞ்சர் பைக்: வாங்கும் முன் சோதித்துப் பார்ப்பது எப்படி?

வேலைக்குப் போக, சந்தைக்குப் போக, பிள்ளையைப் பள்ளியில் விட, மாதத்துக்கு ஒருமுறை கோவை வரை இறங்கி ஏற என்று எல்லாவற்றுக்கும் ஒரே வண்டி வேண்டும் என்பவர்கள் ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் இப்போது நடுத்தர அட்வெஞ்சர் பைக்குகளை விசாரிக்கிறார்கள். விசாரிப்பதில் நியாயம் இருக்கிறது. 200 முதல் 450 சி.சி. வரை இன்ஜின், பள்ளத்தைத் தாங்கும் உயரமான சஸ்பென்ஷன், அகலமான ஹாண்டில்பார், நிமிர்ந்து உட்காரும் இருக்கை எல்லாமே மலைச் சாலைக்கு உதவுபவை.

ஆனால் இந்த வண்டிகளைப் பற்றிப் பேசுபவர்களில் பெரும்பாலோர் லடாக்கையும் நான்குவழிச் சாலையையும் மனதில் வைத்துப் பேசுகிறார்கள். நமக்கு அது முக்கியமில்லை. மழைக் காலையில், பின்னால் ஒருவரை உட்காரவைத்துக்கொண்டு, ஏற்றத்தில் நின்றுவிட்ட பஸ்ஸுக்குப் பின்னால் நிற்கிறீர்கள். பஸ் நகர்ந்ததும் பதற்றமில்லாமல் கிளம்ப முடிகிறதா? அன்றாட வழியில் இருக்கும் மிக மோசமான ஒரு கிலோமீட்டரை மெதுவாகக் கடக்கும்போது வண்டி எப்படி நடந்துகொள்கிறதோ, அதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கீழே உள்ள படிகள் எல்லாம் அதை முன்கூட்டியே தெரிந்துகொள்வதற்காக.

முதல் படி: வண்டிக்கு முன் வழியைப் பாருங்கள்

ஷோரூமுக்குப் போவதற்கு முன் ஒரு காகிதத்தில் உங்கள் வழியை எழுதுங்கள். எங்கே ஏற்றம், எங்கே தார் பெயர்ந்திருக்கிறது, எங்கே வண்டியை நிறுத்துவீர்கள், பின்னால் யார் உட்காருவார்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று எழுதினால் போதும்.

நீலகிரி என்று ஒரே பெயரில் சொன்னாலும் சாலைகள் ஒரே மாதிரி இல்லை. கேத்தியிலிருந்து ஊட்டிக்குப் போய்வருபவருக்கு நல்ல தார் ரோடும் சீசன் நெரிசலும்தான் பிரச்சினை. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குபவருக்கு பிரேக்தான் முதல் கவலை. மஞ்சூர், கெத்தை பக்கம் 43 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள ரோடு. எஸ்டேட்டுக்குள் வீடு இருப்பவருக்குக் கடைசி இரண்டு கிலோமீட்டர் கல் பாவிய பாதையாக இருக்கும். மழையும் வேறுபடும்: கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி பக்கம் ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை கொட்டும், குன்னூர், கோத்தகிரி சரிவுகளில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைதான் மண்சரிவைக் கொண்டுவரும். நீங்கள் இருக்கும் பக்கம் எப்போது நனையும் என்று தெரிந்தால் டயரையும் மட்கார்டையும் பார்க்கும் கண் மாறிவிடும்.

எழுதி முடித்த பிறகு, வழி முழுக்க நல்ல தார் ரோடு, பாதையில் கல்லும் பள்ளமும் இல்லை, பெரும்பாலும் தனியாகத்தான் போவீர்கள் என்று தெரிந்தால், 125 அல்லது 150 சி.சி. சாதாரண பைக்கே உங்களுக்கு இலகுவாக இருக்கும். அதை வாங்குவதில் குறை ஒன்றும் இல்லை.

இரண்டாவது: எண்களைப் படிக்கும் விதம்

விளம்பரத்தில் முதலில் வருவது குதிரைத்திறன். மலையில் அதைவிடப் பார்க்க வேண்டியது இழுவை (டார்க்) எந்தச் சுழற்சியில், அதாவது இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றும்போது (ஆர்.பி.எம்.), கிடைக்கிறது என்பது. ராயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் 450 வண்டியின் 452 சி.சி. இன்ஜின் 40 நியூட்டன் மீட்டர் இழுவையை 5500 சுழற்சியில் தருகிறது. 2025இல் வந்த கேடிஎம் 390 அட்வெஞ்சர் 39 நியூட்டன் மீட்டரை 6500 சுழற்சியில் தருகிறது. அளவு கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் முழு இழுவையும் கிடைக்க இரண்டாவது வண்டியை இன்னும் கொஞ்சம் முறுக்க வேண்டும். இதை வைத்து ஒன்று நல்லது, மற்றது கெட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். வளைவில் 2500, 3000 சுழற்சியில் வண்டி அடிபட்ட மாதிரி உதறுகிறதா, அமைதியாக இழுக்கிறதா என்று ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

அடுத்து உயரம். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2240 மீட்டரில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான். அழுத்தம் குறைந்த அளவுக்கு ஏறக்குறைய டர்போ இல்லாத எந்த இன்ஜினும் திறனை இழக்கும். கார்புரேட்டர் காலத்தில் பெட்ரோல் கலவையும் கெட்டுப் புகை கக்கும். இப்போது வரும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் கலவையைச் சரிசெய்துவிடுகிறது, ஆனால் இல்லாத காற்றை அதனால் உண்டாக்க முடியாது. கோவை ஷோரூம் வாசலில் துள்ளிக்கொண்டு போன வண்டி தொட்டபெட்டா ஏற்றத்தில் சாதுவாகிப் போவது இதனால்தான். 19 குதிரைத்திறன் உள்ள ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி போன்ற வண்டியில் இரண்டு பேர் ஏறினால் இந்த இழப்பு நன்றாகவே தெரியும். 40 குதிரைத்திறன் வண்டியில் இழந்த பிறகும் தேவைக்கு மேல் மிச்சம் இருக்கும்.

மூன்றாவது எண் எடை. ஹிமாலயன் 450 பெட்ரோலோடு 196 கிலோ, கேடிஎம் 183, சுசுகி வி-ஸ்ட்ரோம் எஸ்எக்ஸ் 167, எக்ஸ்பல்ஸ் 160க்குப் பக்கம். ஓடும்போது இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. சரிவான சந்தில் வண்டியைத் தள்ளித் திருப்பும்போது ஒவ்வொரு கிலோவும் தெரியும். அதனால் அன்றாட ஓட்டத்துக்கு நான் திறனைவிட எடைக்கே அதிக மதிப்பெண் தருவேன்.

மூன்றாவது: உட்கார்ந்து பாருங்கள், அதுவும் சரிவில்

இந்த வகை வண்டிகளின் இருக்கை உயரம் பெரும்பாலும் 825 முதல் 835 மில்லிமீட்டர். ஷோரூமின் வழவழப்பான சமதளத்தில் இரண்டு கால் பெருவிரலும் படுகிறது, போதும் என்று நினைத்துவிடாதீர்கள். கணக்கு எளிது. நிற்கும்போது உங்கள் பாதம் வண்டியின் நடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் தள்ளி ஊன்றுகிறது. ரோடு பக்கவாட்டில் பத்துக்கு ஒன்று என்று சரிந்திருந்தால், பள்ளப் பக்கத்துத் தரை 4 சென்டிமீட்டர் கீழே போய்விடும். அதாவது 825 மில்லிமீட்டர் இருக்கை அந்தக் காலுக்கு 865 ஆகிவிடுகிறது. மலையில் நின்ற இடத்தில் வண்டி சாய்வது பெரும்பாலும் இப்படித்தான்.

அதனால் தினமும் போடும் செருப்போ ஷூவோ அதையே போட்டுக்கொண்டு போங்கள். ஷோரூம் வாசலில் இருக்கும் சிறிய சாய்தளத்தில் வண்டியைக் குறுக்காக நிறுத்தச் சொல்லி, பள்ளப் பக்கத்துக் காலை ஊன்றிப் பாருங்கள். உட்கார்ந்தபடியே வண்டியைப் பின்னால் தள்ளிப் பாருங்கள். உயரம் குறைந்தவர்களுக்கு ஹிமாலயனில் தாழ்வான இருக்கை கிடைக்கிறது; மற்ற வண்டிகளுக்கும் அப்படி உண்டா என்று கேளுங்கள். பின் சஸ்பென்ஷன் இணைப்பை மாற்றி வண்டியையே தாழ்த்தித் தருகிறோம் என்று வெளியில் சொல்வார்கள். அப்படிச் செய்தால் அடிப்பாகம் கல்லில் தட்டும், சைடு ஸ்டாண்டு நீளமாகிவிட்டதால் வண்டி சாயாமல் நட்டமாக நிற்கும். என்னைக் கேட்டால் அதைவிட ஒரு படி சிறிய வண்டியை எடுக்கலாம்.

நிறுத்தும் முறையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சரிவில் எப்போதும் வண்டியின் மூக்கு மேட்டைப் பார்த்து நிற்க வேண்டும், முதல் கியர் போட்டிருக்க வேண்டும். மூக்கு பள்ளத்தைப் பார்த்தால் முன்னால் உருளும், ஸ்டாண்டு மடங்கிக்கொள்ளும். வெளியே எடுக்க 190 கிலோவை மேட்டில் பின்னோக்கித் தள்ள வேண்டியிருக்கும். அப்புறம் இடப்பக்கத் தரை உயர்ந்திருக்கும் இடத்தில் நிறுத்தாதீர்கள். வண்டி வலப்பக்கம் விழுந்துவிடும்.

நான்காவது: ஏற்றம்

டெஸ்ட் ரைடுக்கு வண்டி தருபவர்கள் சமதளத்தில் ஒரு சுற்று சுற்றிவரச் சொல்வார்கள். அதில் நமக்குத் தேவையான எதுவும் தெரியாது. மலையிலேயே டெஸ்ட் ரைடு கிடைத்தால் அதுதான் சிறந்தது. கீழே கோவையில்தான் கிடைக்கும் என்றால், பெரிய கட்டடங்களின் அடித்தள பார்க்கிங்கிலிருந்து மேலே வரும் சரிவு இருக்கிறதே, அங்கே கேட்டுக்கொண்டு பாருங்கள். பின்னால் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும்.

சரிவின் நடுவில் நிறுத்துங்கள். வலது காலால் பின் பிரேக்கை அழுத்திக்கொண்டு, இடது காலை ஊன்றி, கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிளம்புங்கள். மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். கிளட்ச் பிடிக்கும் இடம் உங்கள் விரலுக்குத் தெளிவாகத் தெரிகிறதா? ஆக்ஸிலரேட்டரைச் சிறிது திறந்ததும் இன்ஜின் அணைந்து போகாமல் தாங்குகிறதா? கிளட்ச் லீவர் லேசாக இருக்கிறதா? மூன்றாவதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஏப்ரல், மே சீசனில் ஊட்டி, குன்னூர் நெரிசலில் கிளட்சை எத்தனை தடவை அழுத்துவோம் என்று எண்ண முடியாது. ஸ்லிப்பர் கிளட்ச் (கியரைக் குறைக்கும்போது சற்று வழுக்கிக் கொடுத்து பின் சக்கரம் இழுபடாமல் காக்கும் கிளட்ச்) உள்ள வண்டிகளில் பெரும்பாலும் லீவர் மிருதுவாக இருக்கும்.

பிறகு வளைவு. நாம் இடப்பக்கம் ஓட்டுபவர்கள் என்பதால், ஏறும்போது இடப்பக்கம் திரும்பும் கொண்டை ஊசிதான் மிகக் கடினம். உள்வளைவு மிகக் குறுகல், மிகச் செங்குத்து. மேட்டுப்பாளையம் – குன்னூர் பாதையில் 14 கொண்டை ஊசிகள், மசினகுடியிலிருந்து ஏறும் கல்லட்டிப் பாதையில் 36. ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது மலைப்பாதை விதி என்றாலும், பஸ்ஸும் லாரியும் திரும்ப முழு அகலமும் தேவைப்படும். அப்போது நீங்கள்தான் நிற்பீர்கள். எனவே முதல் கியரில், நடக்கும் வேகத்தில், ஹாண்டிலை முழுக்கத் திருப்பி ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். ஆக்ஸிலரேட்டர் வெடுக்கென்று பிடித்தால், வண்டி முன்னும் பின்னும் இடித்தால், தினமும் அந்த வளைவில் உங்களுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். வண்டியில் மழை மோடு இருந்தால் அதிலும் ஒருமுறை ஓட்டுங்கள். பெரும்பாலும் அது ஆக்ஸிலரேட்டரை மிருதுவாக்கும்.

ஐந்தாவது: இறக்கம்

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உயிர் சம்பந்தப்பட்டது.

குன்னூர் சுமார் 1850 மீட்டர் உயரத்தில், மேட்டுப்பாளையம் முந்நூற்றுச் சொச்சம் மீட்டரில். இடையில் 1500 மீட்டர் இறங்குகிறோம். வண்டியும் இரண்டு பேரும் சேர்ந்து 335 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த இறக்கத்தில் வெளியேற வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய 1.4 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அது முழுவதும் வெப்பமாகத்தான் போகும். இன்ஜினை அதில் பெரும்பங்கு ஏற்கவிட வேண்டும். மிச்சத்தைத்தான் பிரேக்குக்குத் தர வேண்டும். “இரண்டாவது கியரில் இறங்கவும்” என்று ரோட்டோரம் எழுதி வைத்திருப்பதன் காரணம் இதுதான்.

இந்த வண்டிகளில் இருக்கும் ஒற்றை சிலிண்டர் இன்ஜின், ஆக்ஸிலரேட்டரை மூடியதும் நன்றாகப் பிடித்து நிறுத்தும். டெஸ்ட் ரைடில் இதைப் பாருங்கள்: இறக்கத்தில் இரண்டாவது கியரில், பிரேக் தொடாமல், வேகம் ஒரு நிலைக்கு மேல் ஏறாமல் நிற்கிறதா? கியரைக் குறைக்கும்போது பின் சக்கரம் கீச்சிட்டுத் துள்ளுகிறதா? ஸ்லிப்பர் கிளட்ச் உள்ள வண்டி அவ்வளவாகத் துள்ளாது. ஈர ரோட்டில் இது பெரிய பாதுகாப்பு.

பிரேக் ஆயிலைப் பற்றி யாரும் கேட்பதில்லை, நீங்கள் கேளுங்கள். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்ச உறிஞ்ச அந்த அளவு 155 வரை இறங்கிவிடலாம். நம் மலையில் ஈரத்துக்கா பஞ்சம்? நீண்ட இறக்கத்தில் லீவர் மெத்தென்று உள்ளே போனால் ஆயில் கொதித்து ஆவிக்குமிழி வந்துவிட்டது என்று பொருள். உடனே ஓரங்கட்டி ஆறவிட வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றச் சொல்வது வழக்கம். தினமும் மலை இறங்குபவர்கள் அதைத் தள்ளிப்போடவே கூடாது.

பிரேக்கை அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏ.பி.எஸ். பற்றி ஒரு வார்த்தை. இந்த வகையில் பல வண்டிகளில் பின் சக்கர ஏ.பி.எஸ்ஸை அணைத்துவைக்கும் வசதி உண்டு. அது சேற்றுக்கும் சரளைக்கல்லுக்கும். தார் ரோட்டுக்கு வந்ததும் திரும்பப் போட்டுவிடுங்கள். ஈரமான சருகும், வளைவில் லாரி சிந்திய டீசலும் எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

ஆறாவது: பின்னால் உட்காருபவர்

வீட்டில் யார் பின்னால் உட்காருவார்களோ அவரையே ஷோரூமுக்குக் கூட்டிப்போங்கள். ஏறி இறங்க முடிகிறதா, புடவையிலோ சுடிதாரிலோ வசதியாக இருக்கிறதா, பிடித்துக்கொள்ளக் கம்பி கைக்கு எட்டுகிறதா என்று அவர்தான் சொல்ல வேண்டும். அம்மாவால் ஏற முடியாத வண்டியைக் குடும்ப வண்டி என்று சொல்ல முடியாது.

இரண்டு பேர் ஏறியதும் பின்பக்கம் அமுங்கும். பின் ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங்கை இறுக்கும் வசதி இருக்கும். அதை உங்கள் முன்னாலேயே ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள். இறுக்காமல் விட்டால் பின்பக்கம் தாழ்ந்து ஹெட்லைட் மேலே தூக்கிக்கொள்ளும். எதிரே வருபவரின் கண் கூசும், பனிமூட்டத்தில் உங்களுக்கே ரோடு தெரியாது.

ஏழாவது: பனிமூட்டம், குளிர், காட்டெருமை

மேகம் இறங்கிவிட்டால் ஹைபீம் உதவாது. வெள்ளைச் சுவர்தான் தெரியும். லோபீமின் ஒளி ரோட்டில் எவ்வளவு அகலமாக விழுகிறது என்பதை மாலையில் பார்த்துக்கொள்ளுங்கள். கூடுதல் விளக்கு மாட்டினால் தாழ்வாக, மஞ்சள் நிறத்தில், கீழ்நோக்கி மாட்டுங்கள். டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா பக்கம் உறைபனி விழும் காலைகளில் டயர் சூடாகும் வரை பிடிமானம் குறைவுதான். விரல் மரத்துப்போனால் பிரேக்கின் அளவு தெரியாது, அதனால் ஹாண்டில்பாரில் கைக்கு மறைப்பு (ஹாண்ட்கார்டு) உள்ள வண்டி நல்லது. மழையில் முன் மட்கார்டு மிக உயரத்தில் இருந்தால் சேறு முகம் வரை வரும். பின்னால் உட்காருபவர் முதுகும் நனையும். செயினை அடிக்கடி துடைத்து மசகெண்ணெய் போட வேண்டியிருக்கும்.

பலாப்பழக் காலத்தில் கல்லாறு, பர்லியார், குஞ்சப்பனை பக்கம் யானைகள் ரோட்டைக் கடக்கும். குன்னூர், கோத்தகிரி தேயிலைத் தோட்டங்களில் காட்டெருமையைப் பகலிலேயே பார்க்கலாம். ஆகவே சைலன்சரை மாற்றிச் சத்தம் கூட்டும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். சட்டத்துக்கும் விரோதம், விலங்குக்கும் கொடுமை. அட்வெஞ்சர் பைக் என்று பெயர் இருப்பதால் சோலைக்குள்ளும் புல்வெளியிலும் ஏற்ற உரிமை வந்துவிடாது. காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவது குற்றம். டயர் கிழித்த புல்வெளி ஒரு மழையில் வாய்க்காலாகி மண்ணை இழுத்துப்போவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

எட்டாவது: டயர், சர்வீஸ், பதிவு

முன்சக்கரம் 21 அங்குலமா 19 அங்குலமா என்று பாருங்கள். கல் பாதையில் 21 உருண்டு ஏறிவிடும். தார் வளைவுகளில் 19 சுறுசுறுப்பாகத் திரும்பும். எஸ்டேட் பாதை இல்லாதவருக்கு 19 போதும். ட்யூப் டயர் என்றால் பஞ்சர் ஆனதும் சக்கரத்தைக் கழற்ற வேண்டும்; ட்யூப்லெஸ் என்றால் ரோட்டோரமே அடைத்துக்கொண்டு வீடு வரலாம். தினசரி வண்டிக்கு ட்யூப்லெஸ்ஸையே சொல்வேன்.

சர்வீஸ் சென்டர் மலையில் இருக்கிறதா, கீழே இறங்க வேண்டுமா என்பதை ஷோரூமில் மட்டும் கேட்காதீர்கள். அந்த வண்டி வைத்திருக்கும் உள்ளூர்க்காரர் ஒருவரிடம் பிரேக் பேடும் கிளட்ச் கேபிளும் கிடைக்க எத்தனை நாளாகிறது என்று கேளுங்கள். ஊட்டியிலிருந்து கோவைக்கு 85 கிலோமீட்டருக்கு மேல். ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஒரு நாள் கூலி போகும் என்றால் அதையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வரியும் மாறியிருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையிலான பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேல் 40 சதவீதம். வி-ஸ்ட்ரோமும் எக்ஸ்பல்ஸும் கோட்டுக்கு இந்தப் பக்கம், ஹிமாலயன் அந்தப் பக்கம். அன்றாட ஓட்டத்துக்கு 250, 300 சி.சி. வண்டிகளை நான் முதலில் பார்க்கச் சொல்வதற்கு எடையோடு இதுவும் ஒரு காரணம். வாரம் தவறாமல் இரண்டு பேராக மலை ஏறி இறங்குபவர்களுக்கு மட்டும் 400க்கு மேல் போவதில் பொருள் இருக்கிறது.

வண்டியைக் கோவையில் வாங்கினாலும் உங்கள் முகவரி நீலகிரி என்றால் டி.என். 43 பதிவெண்ணே வாங்குங்கள். 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குள் வர இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது, உள்ளூர்ப் பதிவுக்கு அது வேண்டாம். கல்லட்டிப் பாதையில் மசினகுடிக்கு இறங்கவும் வெளியூர்ப் பதிவெண்ணுக்கு அனுமதி கிடையாது.

பழைய வண்டி வாங்குபவர்கள் மேலே சொன்னதோடு இவற்றையும் பாருங்கள்: முன் ஃபோர்க் குழாயில் ஆயில் கசிவு, ஹாண்டிலைத் திருப்பும்போது நடுவில் தட்டுகிறதா என்பது, ஸ்போக் தளர்வு, ரேடியேட்டர் இடுக்கில் காய்ந்த சேறு. மலையில் ஓடிய வண்டியில் பிரேக் டிஸ்க்கின் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். விளிம்பு மேடாகத் தட்டுப்பட்டால் டிஸ்க் தேய்ந்திருக்கிறது. அதற்கான செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.